ரோஜா நிற உருண்டை

தான் பட்ட கடனைத் தானே அடைப்பதுகூட அபூர்வமாகிவிட்ட காலம் இது. இந்தக் காலத்தில், மூழ்கிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் 150 கோடி யென் கடனை 33 வயதுப் பிள்ளை ஒருவர் தம் தலையில் ஏற்றுக்கொண்டு, ஆறே வருஷத்தில் தீர்த்தார் என்று கேள்விப்பட்டால், முழு விவரத்தையும் கேட்க யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கு வந்தது. இது ஜப்பான் தேசத்தில் நடந்தது. கம்பெனியின் பெயர் ஹால் லாபரட்டரி. பெயரைப் பார்த்து ஏதோ மருந்து செய்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே செய்வது வீடியோ கேம்!

"சரிதான், போ!" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை எனக்கும் தெரியாததல்ல. தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருக்கும். பிள்ளையோ கையில் இருக்கும் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். அந்தப் பெட்டியின்மேல் நமக்குள்ள கோபம் நியாயமானதுதான். ஆனால் அதற்குள்ளே குதித்தாடும் பொம்மைகளை உட்கார்ந்து செய்கிறவர்களுக்கும் வீடு உண்டு, மாதம் பிறந்தால் வாடகை உண்டு, "இதுவும் ஒரு உத்தியோகமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பா உண்டு. அந்த அப்பாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ என்று ஒரு பெரிய தீவு. குளிர்ப் பிரதேசம். அங்கே ஸப்போரோ நகரத்தில் 1959-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் பிறந்தவர் ஸடோரு இவாடா. தகப்பனார் பிற்பாடு முரொரான் என்ற ஊருக்கு மேயராக இருந்தவர். நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர். பையன் ஹைஸ்கூலில் படிக்கும்போதே கால்குலேட்டரில் விளையாட்டுகள் அமைத்துச் சிநேகிதர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நாம் பால் கணக்குப் பார்க்க வைத்திருக்கிறோமே, அதைவிடச் சற்று உசத்தி ரகக் கால்குலேட்டர். அதில் படம் ஏது? வெறும் எண்கள்தான் தெரியும். அந்த எண்களை வைத்துக்கொண்டே பேஸ்பால் ஆட்டம்!

பிறகு டோக்கியோவுக்கு வந்து தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். நகரத்தில் இகெபுகுரோ என்னும் இடத்தில் ஸெய்பு என்று ஒரு பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர். அதில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு பகுதி இருந்தது. கம்ப்யூட்டர் என்பதே பெரும்பாலோர் கண்ணால் கண்டிராத பண்டமாக இருந்த காலம். நம்மில் சிலர் புடவைக் கடையில் வாங்காமலே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நிற்போம் அல்லவா? அதுபோல் இவாடாவும் இன்னும் சில பிள்ளைகளும் அங்கே போய் நின்றுகொண்டிருப்பார்கள். பழக்கம் முற்றிச் சிநேகமாயிற்று. அந்தக் கூட்டத்தில் சிலர் சேர்ந்து 1980 பிப்ரவரியில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் ஹால். மாணவராக இருந்த இவாடா, படித்த நேரம் போக மிச்ச நேரத்துக்கு அங்கே வேலைக்கு வந்தார்.

பெயரில் ஒரு குறும்பு இருக்கிறது. அந்த நாளில் கம்ப்யூட்டர் உலகத்துக்குச் சக்கரவர்த்தி ஐ.பி.எம். ஆங்கில அரிச்சுவடியில் 'ஐ'க்கு முந்தியது 'எச்'. 'பி'க்கு முந்தியது 'ஏ'. 'எம்'முக்கு முந்தியது 'எல்'. மூன்றையும் சேர்த்தால் 'ஹால்'. அதாவது, சக்கரவர்த்தியைவிட நாங்கள் ஓர் எழுத்து முன்னே நிற்கிறோம் என்று அர்த்தம்! வயது இருபதுக்கு இதுகூடவா துணிச்சல் இருக்காது?

1982-இல் படிப்பு முடிந்தது. இவாடா பெரிய உத்தியோகம் எதையும் தேடாமல், இதே கம்பெனியில் முழுநேர வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஊரில் தகப்பனாருக்குச் செய்தி போயிற்று. அவர் ஆறு மாதம் பிள்ளையோடு பேசவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மேயர் வீட்டுப் பிள்ளை, பட்டம் வாங்கினவன், பொம்மை விளையாட்டுக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறான் என்றால் எந்தத் தகப்பனாருக்குத் தொண்டையில் சாதம் இறங்கும்?

மறு வருஷம், 1983-இல், கியோட்டோவிலுள்ள நிண்டெண்டோ கம்பெனி 'ஃபாமிகாம்' என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டெலிவிஷனில் மாட்டி ஆடுவது. நிண்டெண்டோ நேற்று முளைத்ததல்ல. 1889-இல் சீட்டுக்கட்டு செய்ய ஆரம்பித்த பழைய ஸ்தாபனம். இவாடா நேரே கியோட்டோவுக்குப் போய், "எங்களுக்கும் வேலை கொடுங்கள்" என்று கேட்டார். கோல்ப் ஆட்டம் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. பதினெட்டுக் குழிகளும் அந்தச் சின்ன நினைவுச் சில்லுக்குள் அடங்காது என்று மற்றவர்கள் கைவிரித்திருந்தார்கள். இவர் சரி என்று ஒப்புக்கொண்டு வந்து, விவரங்களையெல்லாம் சுருக்கி அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டி மூடவில்லை என்றால் மேலே ஏறி உட்காருகிறவர்கள் ஒரு ரகம். துணிகளை வெளியே எடுத்து வேறு விதமாக மடிக்கிறவர்கள் இன்னொரு ரகம். இவர் மடிக்கிற ரகம். 1984-இல் அந்த 'கோல்ப்' வெளிவந்தது. அதிலிருந்து நிண்டெண்டோவுக்குக் கஷ்டமான காரியம் வந்தால் ஹாலின் பெயர் ஞாபகத்துக்கு வரலாயிற்று.

இனி ரோஜா நிற உருண்டைக்கு வருகிறேன்.

1989-இல் மஸஹிரோ ஸகுராய் என்ற இளைஞர் ஹாலில் சேர்ந்தார். பத்தொன்பது வயதுக்கு மேல் இராது. கையில் வைத்து ஆடும் 'கேம் பாய்' பெட்டிக்கு ஓர் ஆட்டம் யோசித்தார். அப்போது வந்துகொண்டிருந்த ஆட்டங்கள் வரவரக் கடினமாகிக்கொண்டிருந்தன. கை தேர்ந்தவன் பிரமாதமாக ஆடுவான். புதிதாகத் தொட்டவன் ஒரு நிமிஷத்தில் செத்துப்போவான். ஸகுராய்க்கு அந்தப் புதியவன்மேல் இரக்கம் வந்தது. அவனும் கடைசி வரையில் போய்ப் பார்க்கும்படி ஓர் ஆட்டம் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தார். கதாநாயகனின் உருவம் இன்னும் முடிவாகவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஓர் உருண்டையைப் போட்டு, அதற்கு இரண்டு கண், இரண்டு கால் வைத்தார். பார்க்கப் பார்க்க அதன்மேல் எல்லாருக்கும் ஆசை விழுந்துவிட்டது. தற்காலிகமாக வந்தவன் நிரந்தரமாகத் தங்கிவிட்டான்!

என் பேரனுக்கு ஆறு வயது. அவனுடைய அக்காவோ எதை ஆடினாலும் ஜெயிக்கிறவள். கார்ப் பந்தயமானாலும் சரி, சண்டையானாலும் சரி, அவளோடு ஆடினால் இவன் தோற்று, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். இந்த உருண்டை ஆட்டம் ஒன்றில்தான் அவனுக்குத் தலைநிமிர்ந்த நடை. ஏனென்றால், பள்ளம் வந்தால் தாண்டத் தெரிய வேண்டும் என்பதில்லை. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் உருண்டை காற்றை உறிஞ்சிப் பலூன்போல் உப்பி மேலே மேலே பறக்கும். எதிரி வந்தால் வாயைத் திறந்து ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிடும். "பாட்டி, நான் தனியாவே முடிச்சுட்டேன்!" என்று அவன் ஓடிவந்து சொன்ன நாளில், முன்பின் கண்டிராத ஸகுராயை மனசுக்குள் வாழ்த்தினேன். இந்த ஆட்டத்தைச் செய்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆரம்பித்ததும் அன்றுதான்.

உருண்டைக்கு முதலில் வைத்த பெயர் போபோபோ. ஆட்டத்துக்குப் பெயர் 'டிங்கிள் போபோ'. ஹாலே வெளியிடுவதாக விளம்பரமும் கொடுத்தாகிவிட்டது. கடைக்காரர்களிடமிருந்து 26,000 பிரதிகளுக்கு ஆர்டரும் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் நிண்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ அதைப் பார்த்தார். மரியோவைப் படைத்தவர் அவர்தான். "இன்னும் கொஞ்சம் செப்பனிட்டால் எங்கேயோ போகும், இப்படியே விற்பது வீண்" என்பது அவருடைய அபிப்பிராயம். இவாடா ஆர்டர்களை ரத்து செய்துவிட்டார்! கம்பெனியின் விற்பனைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கையில் காசில்லாத சமயத்தில் வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்புவதென்றால், விருந்தாளி வாசலில் நிற்கும்போது, "உப்புப் போதவில்லை" என்று அடுப்பை மறுபடி மூட்டுவதைப் போல.

மறுபடி மூட்டியதில் பிசகில்லை. 1992 ஏப்ரல் 27-ஆம் தேதி, நிண்டெண்டோவின் வெளியீடாக, 'கிர்பி' என்ற புதுப் பெயரோடு உருண்டை வெளியே வந்தது. விற்றது ஐம்பது லட்சத்துக்கு மேல்! நிறத்தைப் பற்றியும் ஒரு வேடிக்கை. ஸகுராய் மனத்தில் அது ரோஜா நிறம். மியாமோட்டோ மஞ்சள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கேம் பாயில்தான் வர்ணமே கிடையாதே. ஆகவே யாருக்கும் சந்தேகம் தோன்றவில்லை. அமெரிக்காவுக்குப் போன பெட்டியின் மேலே வெள்ளையாகவே போட்டுவிட்டார்கள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமோ? 1982-இல் அமெரிக்காவின் யுனிவர்ஸல் சினிமாக் கம்பெனி, "உங்கள் 'டாங்கி காங்' குரங்கு எங்கள் 'கிங் காங்'கின் நகல்" என்று நிண்டெண்டோமேல் வழக்குப் போட்டது. நிண்டெண்டோவுக்காக வாதாடியவர் ஜான் கிர்பி என்ற வக்கீல். "கிங் காங் யாருக்கும் தனிச் சொத்தல்ல என்று சில வருஷங்களுக்கு முன் கோர்ட்டில் வாதாடினவர்களே நீங்கள்தானே!" என்று யுனிவர்ஸலின் பழைய வழக்கையே எடுத்துக் காட்டி ஜெயித்துக் கொடுத்தார். நிண்டெண்டோ அவருக்கு ஒரு பாய்மரப் படகு வாங்கிக் கொடுத்து, அதற்கு 'டாங்கி காங்' என்று பெயர் சூட்டியது. பின்னால் உருண்டைக்குப் பெயர் தேடியபோது, வந்த பட்டியலில் கிர்பி என்பதும் இருந்தது. வக்கீலின் பெயராயிற்றே என்று சிரித்துக்கொண்டே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்புக் கோட்டுக்காரருக்கு இப்படியும் ஒரு புகழ்!

ஆனால் உருண்டை உலகத்தில் கால் வைத்த அதே 1992-இல்தான் அதன் வீடு இடிந்தது. எண்பதுகளின் கடைசியில் ஜப்பானில் நிலம் விலை ஏறிய ஏற்றத்தில் எல்லாருக்குமே தலை சுற்றியது. பிறகு ஒரேயடியாக விழுந்தது. ஹாலும் சொத்தில் பணத்தைப் போட்டிருந்தது. இன்னொரு பக்கம், 'மெட்டல் ஸ்லேடர் குளோரி' என்று ஓர் ஆட்டம். படங்களின் அழகுக்காக நாலு வருஷம் செலவழித்து, 1991-இல் வெளியிட்டார்கள். அழகுதான், போட்ட பணம் திரும்பவில்லை. எல்லாம் சேர்ந்து, கடன்காரர்களோடு சமரசம் பேசிக்கொள்ள அனுமதி கேட்டுச் சட்டத்தின் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. கடன் 150 கோடி யென்.

நிண்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி கண்டிப்பான மனிதர். உதவி செய்யச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: இவாடா தலைவராக வேண்டும். இவாடாவுக்கோ ப்ரோகிராம் எழுதத் தெரியும். பாங்கிக்காரர்களோடு பேசித் தெரியாது. ஓடியிருக்கலாம். அவருக்கு இருந்த கெட்டிக்காரத்தனத்துக்கு எந்தக் கம்பெனியும் கதவைத் திறந்திருக்கும். கூட உழைத்தவர்களை விட்டுவிட்டு ஓடினால் ஆயுசு முழுக்க உறுத்தும் என்று நினைத்தார். 1993-இல் தலைவரானார்.

இந்த இடத்தில் என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கணவர் பதினேழு வருஷம் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதினார். அச்சகத்தின் பெயர் எதற்கு? ஒரு திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போனவர், பதினோரு மணிக்கே திரும்பி வந்தார். பாத்திரத்தைத் திறக்காமல் அப்படியே என் கையில் கொடுத்தார். கேட்டில் பூட்டு, பூட்டுக்கு மேலே ஒரு காகிதம். அவ்வளவுதான். மூன்று மாதச் சம்பளம் போயிற்று. அது போகட்டும், வளையலை வைத்துச் சமாளித்தோம். "பதினேழு வருஷத்துக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே!" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தெரு வழியாகப் போனதே இல்லை.

அதனால்தான், இவாடா தலைவரானதும் செய்த முதல் காரியத்தைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கம்பெனியில் எண்பது, தொண்ணூறு பேர். ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்பதுதான் முதல் கேள்வியாம். கப்பல் மூழ்கும்போது கேட்கிற கேள்வியா இது? ஆனால் வாயைத் திறக்க அது போதுமானதாக இருந்தது. சிலரிடம் பேச்சு இருபது நிமிஷத்தில் முடிந்தது. சிலரிடம் மூன்று மணி நேரம். இவ்வளவு நாள் பக்கத்திலேயே இருந்தும் தமக்குத் தெரியாமல் போன விஷயங்கள் எத்தனை என்று இவாடாவே வியந்தார். கடனைத் தீர்க்கும் வரைக்குமான ஒரு சடங்காக அதை வைக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை, எல்லாரோடும், விடாமல் பேசினார்.

கடன் கணக்கு, வருஷத்துக்கு 25 கோடி யென் வீதம் ஆறு வருஷம். உருண்டை உழைத்தது. கிர்பி ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1993-இல் வந்த ஆட்டத்தில், விழுங்கிய எதிரியின் வித்தையையே தனதாக்கிக்கொள்ளும் சக்தியும் அதற்கு வந்தது. இவாடா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருக்கவில்லை. எழுத்தாளர் ஷிகெஸாடோ இடோயின் 'மதர் 2' என்ற ஆட்டம், வருஷக்கணக்கில் முடியாமல் சிக்கலாகிக் கிடந்தது. இவாடா போய்ப் பார்த்தார். "இருப்பதையே திருத்துவதானால் இரண்டு வருஷம் ஆகும், புதிதாகத் தொடங்கலாம் என்றால் ஆறு மாதம். எது வேண்டும்?" என்று கேட்டார். புதிதாகவே தொடங்கினார்கள். 1994 ஆகஸ்டில் ஆட்டம் வெளிவந்தது. கடன்பட்ட வீட்டில் இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்தையும் எடுத்து நடத்திக் கொடுத்த மாதிரி!

சனி, ஞாயிறுகளிலும் ஓய்வு இல்லை. ஸகுராயும் இவாடாவும் சப்தம் அமைக்க ஒருவருமாக மூன்றே பேர் சேர்ந்து, நாலு பேர் ஒரே சமயத்தில் ஆடக்கூடிய சண்டை ஆட்டம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். திட்டமும் உருவங்களும் ஸகுராய், ப்ரோகிராம் தலைவர்! பிறகு அனுமதிகூடக் கேட்காமல், நிண்டெண்டோவின் மரியோவையும் டாங்கி காங்கையும் அதில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அப்புறம்தான் போய்க் காட்டினார்கள். 1999 ஜனவரியில் 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்று வெளிவந்து, வீட்டுக்கு வீடு அண்ணன் தம்பிகளை ஒரே பாயில் உட்காரவைத்தது அதுதான். அந்த வருஷத்தோடு கடனும் தீர்ந்தது.

தீர்ந்த கையோடு, 2000-இல், யமாவுச்சி இவாடாவை நிண்டெண்டோவுக்கே அழைத்துக்கொண்டார். 2002-இல் அவரே நிண்டெண்டோவின் தலைவரானார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரே குடும்பத்தார் வகித்த ஸ்தானம். வெளியிலிருந்து வந்து அதில் உட்கார்ந்த முதல் மனிதர் இவர். அங்கே போயும் அவர் ஸகுராயின் பழைய இரக்கத்தை மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 2006-இல் வந்த 'வீ' பெட்டியைத் திட்டமிடும்போது, தாய்மார்கள் வெறுக்காத பெட்டியாக இருக்க வேண்டும் என்பதில் குறியாக இருந்தார்கள். டி.வி.டி. உறைகள் இரண்டு மூன்றை அடுக்கினால் எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் இருக்கலாம் என்று இவாடா சொல்லிவிட்டார். கூடத்தில் இடத்தை அடைக்கக்கூடாதாம், சுத்தம் செய்கிறவளுக்குத் தொல்லையாக இருக்கக்கூடாதாம்! பெட்டி செய்கிறவர்களில் நம்மையும் ஒருவர் நினைத்திருக்கிறார், பாருங்கள்.

ஸகுராய் 2003-இல் ஹாலை விட்டுத் தனியாகப் போனார். இவாடா 2015 ஜூலை 11-ஆம் தேதி, ஐம்பத்தைந்தே வயதில், நோயினால் காலமானார். வக்கீல் கிர்பி 2019-இல் போய்ச் சேர்ந்தார். உருண்டை மட்டும் அப்படியே இருக்கிறது. ஹால் இன்றும் அதை வளர்த்துக்கொண்டிருக்கிறது. ஆட்டங்கள் செய்யும் இடம் பூஜி மலை தெரியும் யமானாஷியில். 2022 மார்ச்சில் வந்த ஆட்டத்தில், கிர்பி ஒரு முழு மோட்டார் காரையே வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிறது.

ஆட்டம் தொடங்கும் முன் கம்பெனியின் முத்திரை ஒரு வினாடி தெரிகிறது. 1998-இலிருந்து அதுதான் முத்திரை. வைக்கோல் கூட்டில் ஒரு நாய் சுருண்டு படுத்து, முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருக்கும். சென்ற வாரந்தான் பேரன் அதைக் கவனித்தான்.

"நாய் முட்டை போடுமா, பாட்டி?"

"போடாது, கண்ணா."

"அப்போ அது யாரோட முட்டை?"

"யாருடையதோ! அது படுத்துக்கொண்டிருக்கிறதே, பார்" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். பிறகு பொத்தானை அழுத்தினான். உருண்டை உப்பிக்கொண்டு பறக்க ஆரம்பித்தது.